அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் 51 ஆண்டுகள் இருந்த ராபர்ட் பேர்டின் பலம் எதில் இருந்தது?

பேச்சாற்றலிலோ பணத்திலோ இல்லை. அவையின் விதிகளை அவர் அளவுக்குக் கரைத்துக் குடித்தவர் அவர் காலத்தில் யாரும் இல்லை.

1917-இல் வட கரோலினாவில் பிறந்தவர். 1918 ஃப்ளூ கொள்ளைநோயில் தாய் இறந்துவிட, மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்க ஊர்களில் அத்தையும் மாமாவும் வளர்த்தார்கள். பெட்ரோல் பங்க், இறைச்சிக் கடை, கப்பல் தளத்தில் வெல்டிங் என்று பல வேலை பார்த்தார். 1952-இல் பிரதிநிதிகள் சபை, 1958-இல் செனட். செனட்டராக இருந்துகொண்டே படித்து 1963-இல் சட்டப் பட்டம் வாங்கினார். 2010 ஜூன் 28-இல் 92 வயதில் இறக்கும்வரை பதவியில்தான் இருந்தார்.

அந்த விதியறிவை அவர் தவறான காரியத்துக்கும் பயன்படுத்தியவர். இளமையில் கறுப்பர்களுக்கு எதிரான வெள்ளை இனவெறி அமைப்பான கூ க்ளக்ஸ் கிளானில் இருந்தார். 1964-இல் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சிவில் உரிமை மசோதாவைத் தடுக்க 14 மணி 13 நிமிடம் விடாமல் பேசினார். அவர் முடித்த ஜூன் 10 அன்றே 71-29 என்ற வாக்கில் விவாதத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தார்கள். 1965 வாக்குரிமைச் சட்டத்தையும் எதிர்த்தார். பின்னாளில் பலமுறை மன்னிப்புக் கேட்டார். அந்த வருத்தம் உண்மையானது என்றே நினைக்கிறேன். ஆனாலும் அந்த வாக்குகளை விட்டுவிட்டு அவரைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை.

இன்றும் நிற்பது 1985-இல் அவர் கொண்டுவந்த 'பேர்ட் விதி'. செனட்டில் ஒரு மசோதாவை இழுத்தடித்தால், விவாதத்தை முடிக்க 60 வாக்கு வேண்டும். வரவு செலவைப் பட்ஜெட் இலக்கோடு பொருத்தும் ரீகன்சிலியேஷன் மசோதாவுக்கு மட்டும் விலக்கு உண்டு: விவாதம் 20 மணி நேரம், சாதாரணப் பெரும்பான்மை போதும். இந்தக் குறுக்கு வழியில் ஆளாளுக்குத் தங்கள் திட்டங்களைச் செருக ஆரம்பித்தார்கள். அதை அடைத்ததுதான் பேர்ட் விதி. வரவு செலவோடு தொடர்பில்லாத பிரிவு, பட்ஜெட் காலம் தாண்டியும் பற்றாக்குறையைக் கூட்டும் பிரிவு, சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத் திட்டத்தில் கைவைக்கும் பிரிவு எதுவானாலும் ஒரே ஒரு செனட்டர் எழுந்து ஒழுங்குப் பிரச்சினை கிளப்பலாம். விதிமுறை அதிகாரியின் ஆலோசனைப்படி அவைத் தலைவர் ஏற்றுக்கொண்டால் அந்தப் பிரிவு மட்டும் கழன்றுவிடும், மசோதா தொடரும். காப்பாற்ற 60 வாக்கு வேண்டும்.

அதிபர் புஷ்ஷின் 2001 வரிக்குறைப்பு 2010 முடிவில் காலாவதியாகும்படி எழுதப்பட்டதற்கு இந்த விதிதான் காரணம். 1993-இல் சொந்தக் கட்சி அதிபர் கிளிண்டன் மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தத்தை இந்த வழியில் கொண்டுவர உதவி கேட்டபோதும் பேர்ட் மறுத்தார். அந்தத் திட்டம் அடுத்த ஆண்டே செத்துப்போனது.

இன்னொரு பக்கம், 1989-இல் செனட்டின் நிதி ஒதுக்கீட்டுக் குழுத் தலைவரானதிலிருந்து அவர் மேற்கு வர்ஜீனியாவுக்குப் பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டினார். எஃப்.பி.ஐ.-யின் கைரேகை மையம் கிளார்க்ஸ்பர்க்கில் இருப்பது அவரால்தான். வீண்செலவு என்று திட்டியவர்கள் உண்டு. ஆனால் அந்த ஏழை மாநிலம் அவரை 9 முறை செனட்டுக்கு அனுப்பியது.