தலைசிறந்த நாடு என்று ஒன்று உண்டா? – கேள்வி பதில்

வளர்ச்சிப் பொருளாதாரமும் ஒப்பீட்டுப் புள்ளியியலும் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், ‘உலகிலேயே தலைசிறந்த நாடு நாங்கள்தான் என்று எந்த நாடாவது உரிமை கோர முடியுமா’ என்பதைச் சுற்றி வந்த கேள்விகளுக்கு விடை எழுதுகிறேன். ஓர் எச்சரிக்கையை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: யார் எந்தப் பட்டியலை நீட்டினாலும், எதை எண்ணினார்கள், அதை எதனால் வகுத்தார்கள் என்ற இரண்டையும் கேட்காமல் முதலிடத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.

கேள்வி (கல்லூரி மாணவி): சுற்றி வளைக்காமல் கேட்கிறேன், ஐயா. கோர முடியுமா, முடியாதா?

பதில்: ‘இன்னதில் முதலிடம்’ என்று கோரலாம். ‘எல்லாம் சேர்த்து முதலிடம்’ என்று கோர முடியாது. இதற்குக் காரணம் தன்னடக்கம் அன்று, கணக்கு.

அ, ஆ, இ என்று மூன்று நாடுகளையும், வருமானம், உடல்நலம், சுதந்திரம் என்று மூன்று அளவுகோல்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். வருமானத்தில் வரிசை அ, ஆ, இ. உடல்நலத்தில் ஆ, இ, அ. சுதந்திரத்தில் இ, அ, ஆ என்று வைத்துக்கொள்வோம். இப்போது இரண்டிரண்டு நாடுகளாக ஒப்பிட்டால், ‘அ’ நாடு வருமானத்திலும் சுதந்திரத்திலும் ‘ஆ’ நாட்டை முந்துகிறது. ‘ஆ’ நாடு வருமானத்திலும் உடல்நலத்திலும் ‘இ’ நாட்டை முந்துகிறது. அப்படியானால் ‘அ’ நாடுதான் உச்சியில் இருக்கும் என்று நினைக்கும்போது, ‘இ’ நாடு உடல்நலத்திலும் சுதந்திரத்திலும் ‘அ’ நாட்டை முந்திவிடுகிறது. பிரெஞ்சு அறிஞர் கோந்தோர்சே 1785-இல் வாக்கெடுப்பைப் பற்றி எழுதியபோது எடுத்துக்காட்டிய முடிச்சு இதுவே. இதை அவிழ்க்க வேண்டுமானால் உடல்நலத்துக்கு இத்தனை பங்கு, சுதந்திரத்துக்கு இத்தனை பங்கு என்று யாராவது நிர்ணயிக்க வேண்டும். அந்த நிர்ணயம் தரவுகளிலிருந்து வருவதில்லை; பட்டியல் போடுகிறவரின் விருப்பு வெறுப்பிலிருந்து வருகிறது.

இதைக் கேட்டதும் ‘அப்படியானால் எல்லா நாடுகளும் ஒன்றுதான்’ என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஜப்பானிலும் ஐஸ்லாந்திலும் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டுக்குள் இறப்பவை ஏறத்தாழ 2; சில நாடுகளில் அந்த எண்ணிக்கை 60-ஐத் தாண்டுகிறது. இவற்றில் எந்த நிலை மேல் என்று சொல்ல எந்தத் தத்துவமும் தேவையில்லை. உச்சியில் இருப்பது யார் என்று சொல்ல உதவாத அதே தரவுகள், எது எதைவிட மோசம் என்று சொல்லப் பல இடங்களில் உதவுகின்றன.

கேள்வி (போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்): மனித வளர்ச்சிக் குறியீட்டில் முதலிடம் பெறும் நாட்டையே சிறந்த நாடு என்று விடை எழுதலாமா?

பதில்: ‘அந்தக் குறியீட்டில் முதலிடம்’ என்று எழுதுங்கள், மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அது எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. உற்பத்திக் கணக்கு மட்டுமே பேசப்படுவதற்கு மாற்றாக, பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென்னின் துணையுடன் பாகிஸ்தான் பொருளியல் அறிஞர் மகபூப் உல் ஹக் உருவாக்கி, 1990-இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் அறிக்கையில் வெளிவந்த குறியீடு அது. ஆயுள், கல்வி, வருமானம் ஆகிய மூன்றையும் 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட எண்களாக்கி ஒன்றாகச் சேர்க்கிறார்கள்.

எப்படிச் சேர்க்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 2010-க்கு முன்பு மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தார்கள். 0.9, 0.9, 0.3 பெற்ற நாட்டுக்கும், மூன்றிலும் 0.7 பெற்ற நாட்டுக்கும் ஒரே விடைதான் கிடைத்தது: 0.7. 2010 முதல் மூன்றையும் பெருக்கி மூன்றாம் படிமூலம் (கனமூலம்) எடுக்கிறார்கள். சீரான நாடு 0.7-இலேயே நிற்க, மற்றது 0.62-க்கு இறங்கிவிடுகிறது. ஒன்றில் கோட்டை விட்டதை இன்னொன்றால் முழுமையாக ஈடுகட்ட முடியாது என்பதே இந்த மாற்றத்தின் கருத்து. எனக்கும் அது உடன்பாடுதான். 2020-ஆம் ஆண்டு அறிக்கையில் முதலிடம் பெற்ற நார்வே, கரிம உமிழ்வையும் மூலப்பொருள் நுகர்வையும் கணக்கில் சேர்த்த அதே அறிக்கையின் மாற்றுக் குறியீட்டில் 15 இடங்கள் பின்னுக்குப் போயிற்று. ஒரே அறிக்கை, ஒரே ஆண்டு, ஒரே நாடு.

கேள்வி (வங்கிப் பணியாளர்): மொத்த உள்நாட்டு உற்பத்தி பண அளவு ஆயிற்றே? அதில் விருப்பு வெறுப்புக்கு இடமில்லையே?

பதில்: நிறையவே இடமிருக்கிறது. தேசிய வருமானக் கணக்கின் முன்னோடியான சைமன் குஸ்நெட்ஸ், 1934-இல் அமெரிக்க செனட்டுக்கு அளித்த அறிக்கையிலேயே, அந்தக் கணக்கைக் கொண்டு ஒரு நாட்டின் நலனை ஊகிப்பது அரிது என்று எச்சரித்தார். 2014-இல் நைஜீரியா தன் கணக்கின் அடிப்படை ஆண்டை 1990-இலிருந்து 2010-க்கு மாற்றியது. முந்தைய ஆண்டின் உற்பத்தி 89 விழுக்காடு உயர்ந்து, தென்னாப்பிரிக்காவைத் தாண்டி ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய பொருளாதாரமாக அறிவிக்கப்பட்டது. ஒரு வயலோ ஓர் ஆலையோ கூடுதலாக முளைத்துவிடவில்லை. முன்பு கணக்கில் வராத தொழில்கள் இப்போது வந்தன, அவ்வளவுதான். அயர்லாந்தின் உற்பத்தி 2015-இல் ஒரே ஆண்டில் 26 விழுக்காடு வளர்ந்ததாகக் கணக்கு வந்ததற்கு முக்கியக் காரணம், பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் காப்புரிமை போன்ற சொத்துகளை அங்கே பதிவு மாற்றியது. அந்த எண்ணை நம்பித் திட்டமிட முடியாததால், அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகம் தனக்கென்று திருத்திய கணக்கு ஒன்றையே உருவாக்கிக்கொண்டது. சந்தை நாணய மாற்று விகிதத்தில் அமெரிக்கா முதலிடம், விலைவாசி வேறுபாட்டைச் சரிசெய்தால் சீனா முதலிடம் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

கேள்வி (பெயர் தெரிவிக்காதவர்): பின்லாந்து மக்கள்தான் உலகிலேயே மகிழ்ச்சியானவர்கள் என்று ஆண்டுதோறும் செய்தி வருகிறதே?

பதில்: 2018 முதல் தொடர்ந்து முதலிடம்தான். ஆனால் அந்த ஆய்வில் ‘நீங்கள் மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா’ என்று யாரும் கேட்பதில்லை. 0 முதல் 10 வரை படிகள் கொண்ட ஏணி ஒன்றைக் கற்பனை செய்யச் சொல்லி, உங்களுக்கு வாய்க்கக்கூடிய மிக நல்ல வாழ்க்கை உச்சிப் படி என்றால் இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். அது மனநிறைவை அளக்கும் கேள்வி. சிரிப்பையோ கொண்டாட்டத்தையோ அளப்பதன்று.

கேள்வி (ஆசிரியை): நோபல் பரிசுகளின் எண்ணிக்கையை வைத்து நாடுகளை ஒப்பிடுவது நியாயமா?

பதில்: மொத்த எண்ணிக்கையில் அமெரிக்கா வெகு தொலைவு முன்னால் இருக்கிறது. மக்கள்தொகையால் வகுத்தால் கரீபியத் தீவு நாடான செயின்ட் லூசியா முன்னே வந்துவிடும்: இரண்டு லட்சத்துக்கும் குறைவான மக்கள், 1979-இல் பொருளாதாரத்துக்கு ஆர்தர் லூயிஸ், 1992-இல் இலக்கியத்துக்கு டெரெக் வால்காட். எதனால் வகுத்தார்கள் என்று கேளுங்கள் என நான் சொல்வது இதனால்தான்.

வகுப்பதற்கு முன்பு எண்ணுவதிலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. 1983-இல் இயற்பியல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரை எந்த நாட்டுக் கணக்கில் எழுதுவது? 1910-இல் அவர் பிறந்த லாகூர் இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. படித்தது சென்னையிலும் கேம்பிரிட்ஜிலும், பணியாற்றியது சிகாகோவில், 1953-இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். பரிசுக்கு அடிப்படையான ஆய்வின் தொடக்கமோ 1930-இல் இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில் போட்ட கணக்கு. நான்கு நாடுகள் உரிமை கோரலாம். கடலையும் ஐந்தாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி (விளையாட்டு ஆர்வலர்): ஒலிம்பிக் பதக்கப் பட்டியலில் அந்தக் குழப்பம் இல்லையே?

பதில்: 2024 பாரிஸில் அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் தலா 40 தங்கம்; மொத்தப் பதக்கம் 126, 91. மக்கள்தொகையால் வகுத்தால் கரீபியத் தீவு நாடுகள் முன்னே வந்துவிடும்: தங்கத்தில் டொமினிக்கா, மொத்தத்தில் கிரெனடா. போட்டி நாடுகளுக்கு இடையே அன்று, வீரர்களுக்கு இடையே என்று ஒலிம்பிக் சாசனமே சொல்கிறது.

கேள்வி (முன்னாள் இராணுவத்தினர்): இவையெல்லாம் பலவீனமான நாடுகள் தங்களுக்குச் சொல்லிக்கொள்ளும் ஆறுதல். பிற நாடுகளைத் தன் சொல்லுக்குப் பணிய வைக்கும் நாடே தலைசிறந்தது. வரலாறு வேறெதையும் மதித்ததில்லை.

பதில்: 1986-இல் சோவியத் ஒன்றியத்திடம் ஏறத்தாழ 40,000 அணு ஆயுதங்கள் இருந்தன, 1991 முடிவதற்குள் அந்த நாடே இல்லாமற்போயிற்று. ஆயுதங்களை எண்ணியவர்கள் அதை எதிர்பார்க்கவில்லை. 1970-களின் நடுவில் சோவியத் அரசு குழந்தை இறப்பு விவரங்களை வெளியிடுவதை நிறுத்தியிருந்தது. அந்த இறப்பு விகிதம் ஏறிக்கொண்டிருப்பதைக் கவனித்த எம்மானுவேல் டோட் என்ற இளம் பிரெஞ்சு ஆய்வாளர், அந்த அமைப்பு சரியும் என்று 1976-இலேயே எழுதினார். ஓர் அரசு எதைப் பறைசாற்றுகிறது என்பதைவிட, எந்த எண்ணை வெளியிடாமல் நிறுத்துகிறது என்பதைக் கவனிப்பவன் நான்.

அதே நண்பர்: அப்படியானால் அந்தப் போட்டியில் வென்ற அமெரிக்காதான் தலைசிறந்தது என்று ஒப்புக்கொள்ளுங்கள்.

பதில்: வலிமையில் முதலிடம் என்று தயங்காமல் எழுதுகிறேன், இராணுவச் செலவும் டாலரின் செல்வாக்கும் அதற்குச் சான்று. அதே நாடு தன் உற்பத்தியில் ஏறத்தாழ 17 விழுக்காட்டை மருத்துவத்துக்குச் செலவிட்டும், 2021-இல் சராசரி ஆயுள் 76.4 ஆண்டுகளாக இறங்கியது. 1948-இல் இராணுவத்தையே கலைத்துவிட்ட, மத்திய அமெரிக்காவின் சிறிய நாடான கோஸ்ட்டா ரிக்கா, அமெரிக்காவைவிட மிகக் குறைந்த வருமானத்தைக் கொண்டு, ஆயுளில் பல ஆண்டுகளாக அமெரிக்காவுக்கு இணையாகவோ சற்று மேலாகவோ நிற்கிறது.

இடையில் ஓர் ஆய்வு மாணவர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இராணுவத்தைக் கலைத்த அதே 1948 டிசம்பரில், அண்டை நாடான நிகரகுவாவிலிருந்து ஆயுதப் படை உள்ளே நுழைந்தபோது, கோஸ்ட்டா ரிக்கா 1947-ஆம் ஆண்டின் ரியோ உடன்படிக்கையின்படி உதவி கேட்டது. ஓர் உறுப்பு நாடு தாக்கப்பட்டால் மற்றவை துணை நிற்பதாக அமெரிக்கக் கண்டங்களின் நாடுகள் செய்துகொண்ட, அமெரிக்காவும் ஓர் உறுப்பினராக உள்ள உடன்படிக்கை அது. பிறர் வலிமையின் நிழலில் நின்றுகொண்டு வலிமை வேண்டாம் என்று சொல்வது எப்படிப் பெருமையாகும்?

பதில்: இதுவரை வந்தவற்றில் கூர்மையான மறுப்பு இதுதான். பாதுகாப்பும் இறக்குமதியாகும் பொருளே என்பதை ஏற்கிறேன். ஆனால் அந்த வாதம் வலிய நாடுகளையும் விட்டுவைக்காது. இன்றைய வல்லரசுப் போட்டியே மிக நுண்ணிய மின்னணுச் சில்லுகளைச் சுற்றி நடக்கிறது. அவற்றை அச்சிடத் தேவையான அதிபுற ஊதாக் கதிர் இயந்திரத்தைச் செய்து விற்கும் நிறுவனம் நெதர்லாந்தில் இருக்கிறது. அதன் ஆடிகள் ஜெர்மனியில் தேய்க்கப்படுகின்றன. ஒளிமூலத்தின் தொழில்நுட்பம் கலிபோர்னியாவில் வளர்ந்தது. அந்த இயந்திரங்களைப் பெருமளவில் ஓட்டுவது தைவான். சிறிய நாடு பாதுகாப்புக்குப் பெரியதைச் சார்ந்திருப்பது இழுக்கு என்றால், பெரிய நாடு சில்லுக்குச் சிறியதைச் சார்ந்திருப்பதும் இழுக்குத்தான். நாட்டைத் தனி ஓட்டக்காரராகக் கொண்டு மதிப்பெண் போடும் வழக்கமே இங்கே ஆட்டம் காண்கிறது.

இராணுவ நண்பர் மேலும் மூன்று முறை எழுதியிருக்கிறார்; மூன்றும் மேலே உள்ளதன் மறுபதிப்பே என்பதால் மேற்கொண்டு போகிறேன்.

கேள்வி (தமிழாசிரியர்): வள்ளுவர் இதற்கு விடை சொல்லவில்லையா?

பதில்: ‘நாடு’ அதிகாரத்தில் பிணியின்மை, செல்வம், விளைச்சல், இன்பம், காவல் என்று ஐந்து அணிகளைச் சொல்கிறார், நாடுகளை வரிசைப்படுத்தவில்லை. அதிகாரத்தின் கடைசிக் குறளில், எல்லாம் இருந்தும் நல்ல வேந்து அமையாவிட்டால் பயனில்லை என்கிறார். அது கூட்டல் கணக்கன்று, பெருக்கல் கணக்கு. ஒன்று சுழியானால் மொத்தமும் சுழி. மனித வளர்ச்சிக் குறியீட்டில் 2010-இல் செய்த திருத்தத்தை ரசிப்பதற்கு இதுவும் எனக்கு ஒரு காரணம்.

கேள்வி (மென்பொருள் பொறியாளர்): குடியேற எந்த நாடு சிறந்தது?

பதில்: குடியேற்ற ஆலோசகரைக் கேளுங்கள்.

கேள்வி (மற்றொருவர்): தனிநபர் வருமானத்தில் முதலிடம் பெறும் நாடு ஏன் தலைசிறந்தது ஆகாது?

பதில்: எதை எண்ணினார்கள், எதனால் வகுத்தார்கள்? அயர்லாந்துக்கான விடையைப் படிக்கவும்.

கேள்வி (பத்திரிகையாளர்): பெரிய அமைப்புகள் வெளியிடும் தரவரிசைகளையாவது நம்பலாமா?

பதில்: உலக வங்கி நடத்திய ‘தொழில் நடத்துவதற்கு எளிமை’ தரவரிசையை நினைத்துப் பாருங்கள். தங்கள் இடத்தை உயர்த்திக்கொள்ள அரசுகள் சட்டங்களையே திருத்திய காலம் உண்டு. 2018, 2020 அறிக்கைகளில் சீனா, சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், அசர்பைஜான் ஆகியவற்றின் தரவுகளில் முறைகேடு தெரியவந்து, 2021 செப்டம்பரில் வங்கி அந்தத் தரவரிசையையே கைவிட்டது. 2018 பட்டியலில் 78-ஆம் இடத்தில் காட்டப்பட்ட சீனா, உண்மையில் 85-ஆம் இடத்தில் இருந்திருக்க வேண்டும் என்று பின்னர் கண்டார்கள். எண் அப்படியே கிடக்கட்டும். முறையியல் பக்கத்தைப் படித்துவிட்டுச் செய்தி எழுதுங்கள்.

கேள்வி (பள்ளி மாணவர்): ‘தலைசிறந்த நாடு உண்டு’ என்ற அணியில் பேச வேண்டும், ஐயா. நீங்கள் சொன்னதெல்லாம் எதிரணிக்குத்தானே உதவும்?

பதில்: கவலை வேண்டாம், தம்பி. ஒரே ஓர் அளவுகோலைத் தேர்ந்தெடுத்து, அது ஏன் மற்றவற்றைவிட முக்கியம் என்பதற்கே பாதி நேரத்தைச் செலவிடுங்கள். குழந்தை இறப்பு விகிதம் நல்ல தேர்வு, அதை எதிர்த்துப் பேச யாருக்கும் நாக்கு எழாது. ஆண்டையும் தவறாமல் சொல்லுங்கள். எதிரணியில் விவரம் தெரிந்த ஒருவர் இருந்தால், உச்சியில் உள்ள சில நாடுகளுக்கிடையே வேறுபாடு ஒரு புள்ளிகூட இல்லையே என்று கேட்பார். அதற்கு மட்டும் இன்று இரவே ஒரு விடையைத் தயார் செய்துகொள்ளுங்கள்.