சத்தம் பிடிக்காதா? ‘மான்ஸ்டர்’ல ஆரம்பிங்க

தங்கச்சி, அனிமே (ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்) எதுல ஆரம்பிக்கலாம்னு கேட்டு, துப்பறியும் கதை பிடிக்கும், கத்திக்கிட்டே சண்டை போடுறது ஆகாது, ‘ஒன் பீஸ்’ 1000 எபிசோடைத் தாண்டிருச்சுன்னதும் மலைச்சுட்டேன்னு எழுதியிருக்கீங்க. அதை விடுங்க. ‘மான்ஸ்டர்’ 74தான். ஜெர்மனியில இருக்கிற ஜப்பானிய டாக்டர், மேயரை விட்டுட்டு முதல்ல வந்த பையனைக் காப்பாத்துறாரு. ஒன்பது வருஷம் கழிச்சு அவன் யாருன்னு தெரியுது. மிச்சத்தைச் சொல்லமாட்டேன்! மெதுவாத்தான் போகும், அஞ்சு எபிசோடு பொறுங்க.

நானும் உங்களை மாதிரி தோட்டத்துலதான் இருக்கேன், மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம். மழை வந்தா இன்டர்நெட் லைன் போயிரும்; எபிசோடை முன்னாடியே இறக்கி வச்சுக்குவேன். அம்மாவும் கூட உட்காருவாங்கன்னா ‘பாராகாமோன்’, 12 எபிசோடு. கோபக்காரக் கையெழுத்துக் கலைஞர் ஒருத்தர் தீவுக் கிராமத்துல வாண்டுக கிட்ட மாட்டிக்கிறாரு. எங்கம்மா அடுப்புல தோசை கருகுறதுகூடத் தெரியாமப் பார்த்தாங்க.