சம்பளம் இல்லாத டெல்லி இன்டர்ன்ஷிப்புக்கு மகளை அனுப்பலாமா?

மன்னார்குடியிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு வணக்கம்.

சிவில் இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகள், மத்திய அரசுக்குக் கொள்கை ஆலோசனை சொல்லும் அமைப்பான நிதி ஆயோக்கில் நீர்வளம், பருவநிலை மாற்றம் சார்ந்த பிரிவில் இன்டர்ன்ஷிப் போக ஆசைப்படுகிறாள். சம்பளம் கிடையாது, டெல்லியில் தங்க வேண்டும், கேம்பஸ் இன்டர்வியூ கைவிட்டுப் போய்விடுமோ என்று பயப்படுகிறீர்கள். அவள் அப்பா வேண்டவே வேண்டாம் என்கிறார். என்னைக் கேட்டால், அனுப்பலாம். ஆனால், எந்தக் கேள்விக்கு விடை தேடிப் போகிறாள் என்பது ரயில் ஏறும் முன்பே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் உங்கள் பயங்களுக்கு வருகிறேன். இந்த இன்டர்ன்ஷிப் குறைந்தது ஆறு வாரம், அதிகபட்சம் ஆறு மாதம். அவளுக்கு ஆறு வாரமே போதும். செமஸ்டர் தேர்வு முடிந்த கையோடு கிளம்பினால், கல்லூரி திறந்து கம்பெனிகள் வரத் தொடங்குவதற்குள் திரும்பிவிடலாம். விண்ணப்பம் ஒவ்வொரு மாதமும் 1 முதல் 10-ஆம் தேதி வரை ஆன்லைனில் வாங்குகிறார்கள். கோடை விடுமுறையில் போக வேண்டும் என்றால் பிப்ரவரி, மார்ச்சிலேயே போட்டுவிடுங்கள். இளநிலை மாணவர்கள் பிளஸ் டூவில் 85 சதவீதம் எடுத்திருக்க வேண்டும், நான்காம் செமஸ்டர் தேர்வு எழுதியிருக்க வேண்டும். கல்லூரியிலிருந்து தடையில்லாச் சான்று தேவைப்படும், லேப்டாப் நம்முடையதுதான். விதிமுறை அவ்வப்போது மாறும் என்பதால், விண்ணப்பிக்கும் அன்று தளத்தில் ஒருமுறை படித்துப் பார்த்துவிடுங்கள். ‘சீட் வாங்கித் தருகிறேன், பணம் கட்டுங்கள்’ என்று யாராவது போன் செய்தால் அது மோசடி.

தங்குவதற்குக் கரோல் பாக் பக்கம் பெண்களுக்கான பேயிங் கெஸ்ட் விடுதி பார்க்கலாம். அங்கிருந்து மெட்ரோவில் ராஜீவ் சௌக் வந்து, வண்டி மாறினால் அடுத்த நிறுத்தம் படேல் சௌக். அலுவலகம் இருக்கும் சன்சத் மார்க் அங்கிருந்து பக்கம். மே, ஜூனில் டெல்லி வெயில் 45 டிகிரியைத் தொடும். ஏசி இல்லாத அறையில் காசை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். வாடகை, சாப்பாடு, ரயில் எல்லாம் சேர்த்தால் உங்களுக்கு அது சின்னத் தொகையாக இருக்காது. கடன் வாங்கித்தான் அனுப்ப வேண்டும் என்ற நிலை இருந்தால் இந்த ஆண்டு வேண்டாம். அதற்கு வேறு வழி சொல்கிறேன்.

இனி, கேள்வி விஷயம். இப்படிப் போகும் பிள்ளைகள் பலர், கொடுத்த வேலையைச் செய்துவிட்டு, சான்றிதழோடு திரும்புகிறார்கள். அந்தச் சான்றிதழை ஃபைலில் வைக்கலாம், அவ்வளவுதான். முடிவில் அவள் எழுதித் தரும் அறிக்கை உருப்படியாக இருந்தால்தான் அடுத்த கதவு திறக்கும். உங்கள் மகளுக்கு அந்த அறிக்கைக்கான விஷயம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது.

மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்தத் தேதியில் திறக்க முடியவில்லை. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். தண்ணீர் நேரத்துக்கு வராத ஆண்டுகளிலும் உங்கள் பக்கத்தில் போர்வெல் வைத்திருந்தவர்கள் குறுவை போட்டார்கள். இல்லாதவர்கள் சம்பாவுக்குக் காத்திருந்தார்கள். அப்படியானால் அந்த ஆண்டுகளில் நிலத்தடி நீர்மட்டம் எவ்வளவு இறங்கியது? ஆறு வந்த ஆண்டுகளில் திரும்ப ஏறியதா? மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஆண்டுக்கு நான்கு முறை கண்காணிப்புக் கிணறுகளில் நீர்மட்டம் அளக்கிறது. அந்த அளவுகளை இந்தியா-டபிள்யூரிஸ் என்ற அரசுத் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கத்துக் கிணறுகளை மட்டும் எடுத்து, அணை திறந்த தேதிகளுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு அட்டவணை போடச் சொல்லுங்கள். இந்த மாதமே, வீட்டில் இருந்தே போடலாம்.

போடும்போது ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் பருவநிலை மாற்றத்தின் தலையில் கட்டிவிடக் கூடாது. அணை நிரம்பாததற்கு மழை பொய்த்தது ஒரு காரணம் என்றால், கர்நாடகத்திலிருந்து பங்கு வந்து சேராதது இன்னொரு காரணம். 2018 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், மாநில எல்லையில் இருக்கும் பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு வர வேண்டிய காவிரி நீரின் அளவை 177.25 டிஎம்சி என்று நிர்ணயித்தது. எந்த ஆண்டு மழையால் குறைந்தது, எந்த ஆண்டு பங்கீட்டால் குறைந்தது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த மாணவியை அங்கே உடனே கவனிப்பார்கள்.

எண்களைச் சரிபார்க்கும் பழக்கமும் வேண்டும். நிதி ஆயோக்கே 2018-இல் வெளியிட்ட நீர் மேலாண்மைக் குறியீட்டு அறிக்கையில், சென்னை உட்பட 21 நகரங்களில் 2020-க்குள் நிலத்தடி நீர் தீர்ந்துவிடும் என்று இருந்தது. நாடெங்கும் பத்திரிகைகள் அதை எடுத்துப் போட்டன. அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அப்போதே எழுந்தது. 2020 கடந்த பிறகும் சென்னையில் போர்வெல்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அதே அறிக்கை 28 அளவுகோல்களை வைத்து மாநிலங்களை ஒப்பிட்ட வேலை உபயோகமானது. அதை அவள் போகும் முன் படித்தே ஆக வேண்டும். படிக்கும்போது, ஒவ்வொரு எண்ணுக்கும் மூலம் எது என்று தேடிப் பார்க்கட்டும்.

இதனால் அரசு வேலை கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். நேரடியாகக் கிடைக்காது. மத்திய நீர் ஆணையத்துக்கு யுபிஎஸ்சியின் இன்ஜினீயரிங் சர்வீசஸ் தேர்வு, நம் நீர்வளத் துறைக்கு டிஎன்பிஎஸ்சி. இரண்டிலும் இன்டர்ன்ஷிப்புக்கு மதிப்பெண் கிடையாது. மேற்படிப்புக்குத்தான் இது கைகொடுக்கும். அண்ணா பல்கலைக்கழகத்தின் நீர்வள மையம், ஐஐடி ரூர்க்கி போன்ற இடங்களைப் பற்றி இப்போதே விசாரித்து வைக்கட்டும். பட்டம் முடித்தவர்களை உதவித்தொகையோடு மாவட்டங்களில் அமர்த்தும் முதலமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டமும் இருக்கிறது. அடுத்த அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்கலாம். இங்கெல்லாம் நேர்காணலில் ‘என்ன செய்தாய்’ என்று கேட்கும்போது அந்த மன்னார்குடி அட்டவணையை எடுத்து வைக்கலாம்.

டெல்லி அமையவில்லை, அல்லது பணம் இடிக்கிறது என்றால் மனம் தளர வேண்டாம். அரசியல் சாசனப்படி தண்ணீர் பெரும்பாலும் மாநிலத்தின் பொறுப்பு. டெல்லியில் கொள்கை எழுதுவார்கள். மதகைத் திறப்பது நம் நீர்வளத் துறைதான். கல்லூரித் துறைத்தலைவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு, உங்கள் பகுதியின் செயற்பொறியாளர் அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். தரமணியில் அதே துறையின் நீர் ஆய்வு நிறுவனமும் இருக்கிறது. போகும்போது அட்டவணையின் முதல் பிரதியையும், ஒரு பக்கத்தில் எழுதிய கேள்வியையும் கையில் கொண்டு போகட்டும். அவள் அப்பாவையும் கூட அழைத்துப் போகச் சொல்லுங்கள்.