நெறிமுறைக் குழுவில் மருத்துவம் படிக்காதவருக்கு என்ன வேலை?

மருந்துச் சோதனைக்கு அனுமதி தரும் மருத்துவமனைக் குழுவில் வக்கீலும் பொதுமக்களில் ஒருவரும் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தியாவில் 2019ஆம் ஆண்டு விதிகளே அப்படித்தான் சொல்கின்றன. குறைந்தது 7 உறுப்பினர்கள். அதில் குறைந்தது பாதிப்பேர் அந்த மருத்துவமனையைச் சேராத வெளியாட்கள், தலைவரும் வெளியாள்தான். ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். 5 பேர்கூட வரவில்லை என்றால் முடிவெடுக்க முடியாது.

மருத்துவம் படிக்காதவரின் அருமை, நோயாளி கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தைப் படிக்கும்போது தெரியும். ‘சமவாய்ப்பு முறையில் ஒதுக்கப்படுவீர்கள்’ என்ற வரியை டாக்டர்கள் சாதாரணமாகத் தாண்டிவிடுவார்கள். இவர்தான் “அப்படின்னா என்ன?” என்று கேட்பார். உடனே அது, ‘எந்த மருந்து என்பது சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல முடிவாகும், உங்கள் டாக்டர் தேர்ந்தெடுக்க மாட்டார்’ என்று மாறும். என்னைக் கேட்டால், குழுவின் உருப்படியான வேலையே இதுதான். வக்கீல் இழப்பீடு, காப்பீட்டுப் பகுதிகளைப் பார்ப்பார். தன் ஆய்வே விவாதத்துக்கு வந்தால், அந்த உறுப்பினர் முடிவெடுப்பதில் கலந்துகொள்ளக் கூடாது.

கோளாறு அனுமதிக்குப் பிறகும் வரலாம். நோயாளிக்குக் கடுமையான பாதிப்பு நேர்ந்தால் ஆய்வாளர் 24 மணி நேரத்துக்குள் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். இன்னொன்று, திருத்திய படிவம் வந்த பிறகும் பழைய படிவக் கட்டிலிருந்தே உருவி நோயாளியிடம் கையெழுத்து வாங்குவது. பக்கத்தின் அடியில் பதிப்பு எண்ணையும் தேதியையும் பார்த்தால் அது பிடிபட்டுவிடும்.