வறுமைக் கோட்டைப் போட்டது யார்?

கேள்வி: முதுகலையில் சமூகக் கொள்கை படிக்கலாம் என்றிருக்கிறேன். 'வறுமையைப் பற்றிப் படிக்க என்ன இருக்கிறது, பார்த்தாலே தெரியுமே' என்று வீட்டில் கிண்டல். உண்மையில் என்னதான் சொல்லித் தருவார்கள்?

பதில்: பார்த்தாலே தெரியும் என்பதில்தான் சிக்கலே. ஏழை யார் என்று முடிவு செய்வதற்குள்ளேயே உங்களுக்குப் பாதி வருடம் ஓடிவிடும். இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் 1899-ல் சீபோம் ரவுன்ட்ரீ (சாக்லேட் கம்பெனி வீட்டுப் பிள்ளை!) தொழிலாளர் குடும்பங்களை வீடு வீடாகக் கணக்கெடுத்தார். உடம்பில் தெம்பு நிற்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் அவர் போட்ட கோடு. பேப்பர் வாங்கவோ, வெளியூரில் இருக்கும் பிள்ளைக்குக் கடிதம் போடத் தபால் தலை வாங்கவோகூட அதில் காசு கிடையாது. அப்படிக் கறாராகப் போட்டும் ஊரில் சுமார் 10 சதவீதம் பேர் அதற்குக் கீழே இருந்தார்கள். அப்புறம் 1960-களில் அமெரிக்காவில் மோலி ஓர்ஷான்ஸ்கி என்ற அரசுப் பொருளாதார நிபுணர், குடும்ப வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு சாப்பாட்டுக்குப் போகிறது என்ற கணக்கை வைத்து, சிக்கனமான உணவுச் செலவை மூன்றால் பெருக்கிக் கோடு போட்டார். இன்று சாப்பாட்டுக்கு அங்கே அவ்வளவு பங்கு போவதில்லை, வாடகையும் மருத்துவமும்தான் விழுங்குகின்றன, ஆனாலும் அந்தப் பழைய கோட்டையே விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தி உயர்த்தி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்த உதாரணம் இன்னொன்று. உலக வங்கி 2025 ஜூனில் தன் கடும் வறுமைக் கோட்டை ஒரு நாளைக்கு 2.15 டாலரிலிருந்து 3 டாலராக மாற்றியது (நாட்டுக்கு நாடு விலை மாறுவதைச் சரிக்கட்டி, வாங்கும் சக்தியைச் சமப்படுத்திய டாலர், பணம் மாற்றும் இடத்தில் கிடைப்பது அல்ல). யாருடைய சட்டைப் பையிலும் ஒரு காசு குறையவில்லை, ஆனால் கணக்கில் ஏழைகள் கோடிக்கணக்கில் கூடிவிட்டார்கள். அந்தக் கோட்டை வைத்துத்தான் எந்த நாடு தேறியது, எந்த நாடு பின்தங்கியது என்று பேசுகிறார்கள். யார் போட்டது, எதை விட்டுவிட்டுப் போட்டது என்று கேட்கக் கற்றுக்கொள்வதுதான் இந்தப் படிப்பு என்பேன். ஒரு எச்சரிக்கை: இரக்கம் மட்டும் போதாது, புள்ளியியலைக் கண்டு ஓடுகிறவர் என்றால் திணறிப் போவீர்கள்.

கேள்வி: வறுமை குறைந்தால் ஏற்றத்தாழ்வும் தானாகக் குறைந்துவிடாதா?

பதில்: அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. சீனாவில் நாற்பது வருடங்களில் ஏறக்குறைய 80 கோடிப் பேர் கடும் வறுமையிலிருந்து வெளியே வந்தார்கள். அதில் பெரும்பகுதிக் காலம் வருமான இடைவெளி விரிந்துகொண்டேதான் போனது. கீழே இருப்பவர் ஒரு படி ஏறும்போது மேலே இருப்பவர் பத்துப் படி ஏறினால் இரண்டும் சேர்ந்தே நடக்கும்.