மீதி 1,125 யூனிட் எங்கே போனது?

அன்புள்ள ஐயா,

எங்கள் வீட்டில் நான்கு பேர். ஏசி கிடையாது, ஃப்ரிட்ஜ், மிக்ஸி, வாஷிங் மெஷின் உண்டு. இரண்டு மாதத்துக்கு 180 யூனிட் ஓடுகிறது. அதாவது வருடத்துக்கு ஆளுக்கு 270 யூனிட். ஆனால் 2023-24இல் இந்தியாவின் தனிநபர் மின் நுகர்வு 1,395 யூனிட் என்று படித்தேன். மீதியை என் பெயரில் யார் செலவழித்தார்கள்? உலக சராசரி 3,000க்கு மேலாம். மின்நிலையங்களை மூன்று மடங்காக்கினால் நாமும் அங்கே போய்விடலாமா? மாடியில் சோலார் போடலாமா என்றும் ஒரு யோசனை இருக்கிறது.

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

உங்கள் கணக்கும் சரி, நீங்கள் படித்த எண்ணும் சரி. மத்திய மின்சார ஆணையம் வீடு வீடாக மீட்டர் பார்த்து அந்த எண்ணைச் சொல்வதில்லை. நாட்டில் உற்பத்தியான மொத்த மின்சாரத்தை மக்கள்தொகையால் வகுக்கிறது, அவ்வளவுதான். உங்கள் ஊர் விசைத்தறி, பெருந்துறைச் சாயப்பட்டறை, கோவை எக்ஸ்பிரஸ், கீழ்பவானி வாய்க்கால் ஓரத்து மோட்டார் எல்லாம் அதில் அடக்கம். மேட்டூர் அனல்மின் நிலையம் நிலக்கரியை அரைக்கத் தனக்கே எடுத்துக்கொள்வதும், கம்பியில் வீணாவதும்கூட உங்கள் தலையில்தான் எழுதப்படுகின்றன. நாட்டின் நுகர்வில் வீடுகளின் பங்கு ஏறத்தாழ கால்வாசி. தொழிற்சாலைகள் நாற்பது சதவீதம் போல.

இதே கணக்கில் ஐஸ்லாந்துக்காரர் ஒருவர் வருடத்துக்கு 50,000 யூனிட்டுக்கு மேல் பயன்படுத்துகிறார். அவர் விளக்கை அணைக்க மறந்து தூங்குபவர் அல்ல. அங்கே மக்கள் நான்கு லட்சத்தை ஒட்டித்தான். மலிவான நீர்மின்சாரத்தை நம்பி வந்த அலுமினிய ஆலைகள் பெரும்பகுதியை இழுத்துக்கொள்கின்றன. அதனால் தனிநபர் நுகர்வை வைத்து ஒரு நாட்டு மக்களின் வசதியை அளப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. நாடு எவ்வளவு உற்பத்தி செய்கிறது என்று வேண்டுமானால் பார்க்கலாம். 1947இல் நம் தனிநபர் நுகர்வு 16 யூனிட்தான்.

அடுத்தது மூன்று மடங்கு விஷயம். உற்பத்தி கூடத்தான் வேண்டும், அதில் சண்டை இல்லை. ஆனால் 2012ஐ நினைத்துப் பாருங்கள். சென்னைக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு; உங்களுக்கும் கோவைக்கும் பத்து மணி நேரத்துக்கு மேல் போன நாட்கள் உண்டு. கோவை ஃபவுண்டரிகளில் உருக்கிய இரும்பு உலையில் இருக்கும்போதே கரண்ட் போய்விடும். அது உறைந்தால் உலையின் லைனிங்கே, அதாவது சூடு தாங்கும் உட்பூச்சே, போச்சு. உற்பத்தி போதவில்லை என்பது உண்மைதான், புதிய நிலையங்கள் தாமதமாகிக்கொண்டே இருந்தன. ஆனால் அதே நேரத்தில் வடக்கே மின்சாரம் விலைக்குக் கிடைத்தது. கொண்டுவரத்தான் வழித்தடம் போதவில்லை. ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வந்து, தென்மாநில மின்தொகுப்பு (மின்நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் கம்பி வலை, அதாவது கிரிட்) தேசியத் தொகுப்போடு முழுமையாக இணைந்தது 2013 டிசம்பர் 31 அன்றுதான். ஆரல்வாய்மொழியில் காற்று நன்றாக அடிக்கும் மாதங்களிலேயே, வாங்க லைன் இல்லை என்று காற்றாலைகளை நிறுத்தச் சொன்ன கூத்தும் இங்கே நடந்தது.

அப்புறம் சில வருடங்களில் நிலைமை தலைகீழானது. 2018இல் நாடாளுமன்றக் குழு ஒன்று பட்டியல் போட்டபோது, 34 அனல்மின் திட்டங்கள், சுமார் 40,000 மெகாவாட், கடனில் சிக்கிக் கிடந்தன. சிலவற்றுக்கு நிலக்கரி இல்லை. சிலவற்றிடம் வாங்க ஆள் இல்லை. கரண்ட் இல்லாத வீடுகள் அப்போதும் வடக்கே இருந்தன. ஆனால் இடையில் நிற்கும் விநியோக நிறுவனங்களிடம் பணம் இல்லை. விற்கிற ஒவ்வொரு யூனிட்டிலும் நஷ்டப்படுகிறவர் கூடுதலாக வாங்கி விற்க ஏன் ஓடப்போகிறார்?

இதில் நம் பங்கும் உண்டு. விவசாய மின்சாரம் இலவசம். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பெரும்பாலான பம்புசெட்டுகளுக்கு மீட்டரே இல்லாததால் எவ்வளவு ஓடியது என்பது உத்தேசக் கணக்கு. கம்பியில் போனதையும் கொக்கி போட்டு எடுத்ததையும் இந்த உத்தேசத்துக்குள் தள்ளிவிடுவது வெகு சுலபம். லைனின் கடைக்கோடியில் இருக்கும் விவசாயியைக் கேட்டால் வேறு கதை சொல்வார். லோ வோல்டேஜில் மோட்டார் அதிக ஆம்பியர் இழுத்துக் காயில் எரியும். காயில் கட்டிக் கட்டிச் சலித்து அவர் 5 எச்பிக்குப் பதில் 7.5 எச்பி இறக்குவார். பக்கத்துத் தோட்டத்துக்காரரும் இறக்குவார். பிறகு டிரான்ஸ்ஃபார்மரே எரியும். கல்பாக்கத்தில் இன்னொரு அணு உலை கட்டினாலும் இவருக்கு வோல்டேஜ் ஏறாது. இன்னொரு டிரான்ஸ்ஃபார்மரும் தடித்த கம்பியும் வந்தால்தான் ஏறும். அதற்கெல்லாம் திறப்பு விழா கிடையாது என்பதால் அரசியல்வாதிக்கு அவ்வளவு ஆர்வம் வருவதில்லை.

சோலாருக்கு வருகிறேன். உங்களுக்கு இப்போது அவசரமில்லை. ஒரு கிலோவாட் போட்டாலே நாளுக்கு நான்கு யூனிட், இரண்டு மாதத்துக்கு 240 வரும்; உங்கள் செலவே 180தான். அதிலும் முதல் 100 யூனிட் இலவசம். மீதி 80க்குக் கட்டுகிற பணத்தை வைத்துப் பார்த்தால், மானியம் போகவும் போட்ட முதலை எடுக்கப் பல வருடமாகும். அதற்குப் பதில் பழைய மின்விசிறிகளைப் பாருங்கள். அவை 75 வாட் எடுக்கும். பிஎல்டிசி ஃபேன், அதாவது குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை மோட்டார் வைத்த விசிறி, 30 வாட்டில் அதே காற்றைக் கொடுக்கும். மூன்று ஃபேன் தினம் பத்து மணி நேரம் ஓடுவதாக வைத்துக்கொண்டால் இரண்டு மாதத்தில் 80 யூனிட் குறையும். அத்துடன் பில்லும் போய்விடும். உங்கள் தனிநபர் நுகர்வு 150க்கு இறங்கிவிடும். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.