பந்தைப் பார்த்தீர்களா?

ஐயா,

கடலூரில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். அலுமினியம்-செம்பு-இரும்பு குவாசிகிரிஸ்டல் (அணுக்கள் ஒழுங்காக அடுக்கியிருந்தும் ஒரே வடிவம் சீராகத் திரும்ப வராத திடப்பொருள்) தட்டின் மேல் எஃகுப் பந்தை ஓட்டினேன். உராய்வுக் கெழு (எவ்வளவு உராய்கிறது என்று காட்டும் எண்) காலையில் 0.2, சாயங்காலம் அதே தட்டில் 0.45. எதை எழுதுவது? அணு வரிசை சீராகத் திரும்ப வராததால் உராய்வு குறையும் என்பது பொய்யா? இதில் ஒட்டாத தோசைக்கல் செய்யலாமா?

வாசகர், கடலூர்

அன்புள்ள தம்பி,

தோசைக்கல்லை விடுங்கள். பிரான்ஸில் சைபர்நாக்ஸ் என்று குவாசிகிரிஸ்டல் பூசிய சட்டியே விற்றுப் பார்த்துவிட்டார்கள்.

பொய்யா என்று கேட்கிறீர்கள். உங்கள் பந்து இன்னும் குவாசிகிரிஸ்டலைத் தொடவே இல்லையே! அலுமினியம் மிகுந்த கலவை காற்று பட்டதும் சில நானோமீட்டர் கனத்துக்கு ஆக்சைடைப் போர்த்திக்கொள்ளும். 2005இல் அமெரிக்காவின் பெர்க்லியில் அலுமினியம்-நிக்கல்-கோபால்ட் குவாசிகிரிஸ்டல் பரப்பை மீவெற்றிடத்தில், அதாவது காற்று கிட்டத்தட்ட இல்லாத இடத்தில், அளந்தார்கள். அந்தப் பரப்பில் ஒரு திசையில் அணு வரிசை திரும்ப வரும், மற்றதில் வராது. திரும்ப வரும் திசையில் உராய்வு, வராத திசையைப்போல் 8 மடங்கு. காற்றுபட்டு ஆக்சைடு ஏறியதும் அந்த வித்தியாசம் போயே போச்சு. அவர்கள் வைத்தது நுண்ணோக்கியின் ஊசிமுனை, நீங்கள் வைத்தது பந்து. இரண்டையும் ஒரே மூச்சில் பேசாதீர்கள்.

மதியம் கடல்காற்று திரும்பும் ஊரில் இருந்துகொண்டு ஈரப்பதத்தைக் குறிக்காமல் விட்டது தப்புதான். ஆனால் என் சந்தேகம் பந்தின் மேல். சாயங்காலம் புதுப் பந்து போட்டீர்களா? கடிதத்தில் அதைப்பற்றி ஒரு வார்த்தை இல்லை. இந்தக் கலவை அறை வெப்பத்தில் கண்ணாடி மாதிரி நொறுங்கும். சுமை கூடினால் தடத்தோரம் விரிசல் விட்டுத் துகள் உதிரும். அது உப்புத்தாள் போலப் பந்தைத் தேய்க்க, பந்தின் அடி வட்டமாகத் தேய்ந்து தட்டையாகிவிடும். தேய்ந்த எஃகு தட்டில் அப்பிக்கொள்ளும். அப்புறம் எஃகின் மேல் எஃகுதான் ஓடுகிறது; 0.45 வராமல் என்ன செய்யும்? எல்லாரும் தட்டின் தடத்தைப் படமெடுத்து ஒட்டுகிறார்கள், பந்தைத் துடைத்து டப்பாவில் போட்டுவிடுகிறார்கள். துடைக்கக் கூடாது, தம்பி. அந்தத் தட்டையான இடத்தில் ஒட்டியிருப்பதுதான் சாட்சி.

சுமையை 1 நியூட்டனுக்கு இறக்குங்கள். ஓட்டத்துக்கு ஒரு புதுப் பந்து, ஒரு புதுத் தடம். 1 மைக்ரான் வைரப் பசையில் மெருகேற்றி, அசிட்டோனிலும் பிறகு ஐசோபுரொப்பனாலிலும் கழுவுங்கள். விரல் படவே கூடாது. வார்த்த கட்டியை அப்படியே அறுத்தீர்களென்றால் வேறு கட்டங்களும் (வேறு அணு அமைப்புள்ள பகுதிகளும்) கலந்திருக்கும். ஆர்கான் வாயுவில் 800 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் வைத்து, முழுக்கக் குவாசிகிரிஸ்டல்தானா என்று எக்ஸ்ரேயில் பார்த்த பிறகு ஓட்டுங்கள்.

இப்போதைக்கு இரண்டு எண்ணையும் எழுதுங்கள், பக்கத்தில் எத்தனையாவது ஓட்டம் என்றும். பந்தின் படத்தை எனக்கு அனுப்புங்கள்.